‘எண்’ணும் ‘எண்ண’மும் ஒரே வேரில் பிறந்தவையா?

ஆம், இரண்டும் ஒரே வேரின. ‘எண்ணு’ என்னும் வினைக்கு ஒவ்வொன்றாகக் கணக்கிடுதல், மனத்தில் நினைத்தல் என இரு பொருள்களும் இன்றுவரை நிலைத்திருப்பதே அதற்குச் சான்று. காசை எண்ணுகிறோம், ஊரை எண்ணி ஏங்குகிறோம். கன்னடத்தின் ‘எணிசு’, தெலுங்கின் ‘என்னு’ ஆகிய வினைகளும் இவ்விரு பொருள்களையும் சுமப்பதால், இந்த உறவு தமிழுக்குள் மட்டும் பிற்காலத்தில் தோன்றியதன்று, திராவிட மொழிகளின் பழைய பொதுச்சொத்து என்றே கொள்ளலாம்.

குறளிலேயே இப்பொருள்கள் அருகருகே நிற்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். ‘எண்ணென்ப ஏனை எழுத்தென்ப’ (392) என்னுமிடத்தில் எண் கணிதத்தையும், ‘எண்ணித் துணிக கருமம்’ (467) என்னுமிடத்தில் அதன் வினை ஆழ்ந்த சிந்தனையையும் குறிக்கின்றன.

ஆனால் ஒலி ஒத்தவை எல்லாம் உறவுடையவை அல்ல. ‘எண்பதத்தான்’ (548) என்பதில் வரும் எண், ‘எளிய’ என்னும் பொருளது. எண்பது, எண்திசை ஆகியவற்றில் வருவது எட்டின் திரிபு. எண்ணெயோ எள்ளும் நெய்யும் புணர்ந்து பிறந்த சொல். எள்ளின் ளகரமே அங்கு ணகரமாயிற்று.