முதலில் சில், அப்புறம்தான் இன்ஜின்

பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டுக் கராஜிலேயே சரிசெய்பவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எம்ஜிபி பற்றியவை. இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்த கார், இன்றைக்கும் ஏறக்குறைய எல்லாப் பாகமும் புதிதாகவே கிடைக்கிறது, அதனால் முதல்முறை கை வைப்பவர்கள் இதைத் தேடிப் போவது சரிதான். நானும் இதில்தான் கற்றுக்கொண்டேன். இந்த முறை எம்ஜிபி மட்டும்.

கேள்வி: 1971 மாடல் எம்ஜிபி, கூரை இல்லாதது, ஒரு பண்ணைக் கொட்டகையில் பதினெட்டு வருடம் நின்றதை வாங்கியிருக்கிறேன். என் கராஜ் 16 அடிக்கு 8 அடி. அப்பா ஊரில் அம்பாசடர் டாக்சி வைத்திருந்தார், இன்ஜின் வேலை எனக்குப் புதிதல்ல. முதலில் இன்ஜினை இறக்கி ஓவர்ஹால் செய்துவிடலாமா? – வாசகர், லெஸ்டர்

வேண்டாம். இன்ஜின் வேலை உங்களுக்குக் கைவந்தது என்பதால்தான் வேண்டாம் என்கிறேன். தெரிந்த வேலையில் ஆரம்பித்து, ஆறு மாதம் அதில் போய், பளபளவென்று ஒரு இன்ஜின் மூலையில் நிற்கும், அதை ஏற்ற ஒரு காரே இருக்காது. இப்படிப் பாதியில் நின்று, பெட்டி பெட்டியாக விற்பனைக்கு வந்த எம்ஜிபிக்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இதற்கு முந்தைய எம்ஜிஏ காருக்குத் தனியாக ஒரு சேஸி உண்டு, பாடி அதன்மேல் உட்கார்ந்திருக்கும். எம்ஜிபிக்கு அது கிடையாது. பாடியேதான் சேஸி. அதிலும் உங்களுடையது கூரை இல்லாத வண்டி. முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிக்க மேலே எதுவும் இல்லை, எல்லாப் பாரமும் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகட்டின் மேல்தான் விழுகிறது. அதைத்தான் சில் என்கிறோம். வெளித் தகடு, உள் தகடு, நடுவே ஒரு தடுப்புத் தகடு, அடியில் ஒரு மடிப்புத் தகடு என்று நாலும் சேர்ந்தது அது. வெளித் தகடு புதிதாக இருக்கலாம், உள்ளே மூன்றும் பொடியாகிக் கிடக்கலாம்.

பார்ப்பது எப்படி? காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடம் பட்டி பார்த்த இடம். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் சில் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள், நல்ல தகடு கணீரென்று பேசும், துருப்பிடித்தது ஈர மரத்தைத் தட்டியதுபோலச் சத்தம் தரும். பிறகு கதவை மூடி, கதவின் மேல் ஓரத்துக்கும் பின்பக்க விங்குக்கும் (சக்கரத்தின் மேல் வரும் பாடித் தகடு) நடுவே இருக்கும் இடைவெளியில் சரியாகப் பொருந்துகிற ஓர் அட்டைத் துண்டைச் செருகிவிட்டு, ஜாக்கி வைக்கும் இடத்தில் காரை மெல்லத் தூக்குங்கள். அட்டை அப்படியே நின்றால் சந்தோஷம். இறுகினாலோ நழுவி விழுந்தாலோ பாடி வளைகிறது என்று பொருள். ஜாக்கியே தகட்டுக்குள் புகுந்துகொண்டால் மேற்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை, சில் முழுக்க மாற்ற வேண்டும்.

மாற்றும்போது நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். என் முதல் வண்டியில் கதவைக் கழற்றி வைத்துவிட்டு, இடப்பக்கச் சில்லை முழுசாக அறுத்தேன். கதவு வாசலுக்குக் குறுக்கே எந்த முட்டும் கொடுக்கவில்லை. புதுச் சில்லைப் பற்றவைத்து முடித்துக் கதவை மாட்டினால் மூடவில்லை, கிட்டத்தட்ட கால் அங்குலம் இடித்தது. பாடி நடுவில் தொய்ந்திருந்தது, அந்த நிலையிலேயே நான் வெல்டிங் வைத்து அதை நிரந்தரமாக்கியிருந்தேன். எல்லாவற்றையும் திரும்ப அறுத்தேன், அந்தக் குளிர்காலம் முழுக்க அதிலேயே போனது. அதனால், அறுக்கும் முன் கதவு வாசலில் மேலும் கீழுமாக இரும்புக் குழாய் கொடுத்து இறுக்குங்கள். வண்டியின் பாரம் முன், பின் சஸ்பென்ஷன் இருக்கும் இடங்களில் தாங்கப்பட வேண்டும். ஒரு பக்கம் முடியும்வரை மறுபக்கம் தொடக் கூடாது. நடுநடுவே கதவை மாட்டி மூடிப் பாருங்கள், நாலு முறையானாலும் சரி.

இன்னொன்று. அசல் வெளிச்சில் முன்பக்க விங்குக்கு உள்ளேயும் பின்பக்க விங்குக்கு உள்ளேயும் போய் முடியும். முன் விங் போல்ட்டில் நிற்பது, கழற்றிவிடலாம். பின்பக்கம் விங்கின் கீழ்ப்பகுதியை வெட்டினால்தான் சில்லின் முனையே தெரியும். இந்தச் சிரமம் வேண்டாம் என்று பழைய துருவின் மேலேயே ஒரு மூடித் தகட்டை ஒட்டிவிடுகிற வேலை நிறைய நடந்திருக்கிறது. நான் இரண்டாவதாக வாங்கிய வண்டியில், முன்பு யாரோ ஒரு பட்டறையில் செய்தது, அந்த மூடியைக் கிழித்தால் உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து அதன்மேல் பட்டி போட்டிருந்தார்கள். அந்த வண்டியில் ஒரு குடும்பம் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

ஒருவேளை பாடி தேறாது என்று தெரிந்தால் அதற்கும் வழி உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் பழைய அச்சுகளை மீட்டு 1988 முதல் எம்ஜிபிக்கு முழுப் புதுப் பாடியே செய்து தருகிறது. விலை அதிகம்தான்.

உங்கள் கராஜில் கார் போக இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய மூன்றடிதான் மிஞ்சும். அதனால் வண்டி முழுவதையும் பிரித்துப் போடாதீர்கள், வைக்க இடம் இருக்காது. ஒரு பகுதி, அதை முடித்து மாட்டியபின் அடுத்தது. கழற்றும் ஒவ்வொரு போல்ட்டும் தனிப் பையில், பையின்மேல் எங்கிருந்து வந்தது என்று எழுதி, கழற்றும் முன் ஒரு போட்டோவும். மூன்று மாதம் கழித்து நினைவிருக்கும் என்று நம்பாதீர்கள்.

கேள்வி: என் மச்சான் இங்கிலாந்தில் எம்ஜிபி வைத்திருக்கிறார். அம்பாசடர் இன்ஜினும் அதுவும் ஒன்றுதான் என்கிறார்கள். எங்கள் ஷெட்டில் ஒரு அம்பாசடர் இன்ஜின் சும்மா கிடக்கிறது, பாகங்களை அனுப்பலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

அனுப்பிச் செலவு செய்யாதீர்கள். ஆனால் கேள்வி அருமையான கேள்வி. பழைய பெட்ரோல் அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினும் எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜினும் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி-சீரிஸ் என்கிற ஒரே குடும்பம். எம்ஜிஏ 1955இல் வந்தபோது அதில் இருந்ததும் இதே 1489 சிசிதான். பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம் இரண்டிலும் 88.9 மில்லிமீட்டர். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம் மட்டும் அம்பாசடரில் 73, எம்ஜிபியில் 80. அதனால் பிஸ்டன் சேராது. 1964க்குப் பிறகு வந்த எம்ஜிபி கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஐந்து மெயின் பேரிங்கில் சுற்றுவது, அம்பாசடருடையது மூன்றில், அதுவும் சேராது.

சேருவது கைப்பழக்கம். டாப்பெட், அதாவது வால்வு இடைவெளி, அட்ஜஸ்ட் செய்ய நம் ஊர் மெக்கானிக்குகள் ஒன்பது கணக்கு வைத்திருப்பார்கள்: எட்டாவது வால்வு முழுக்கத் திறந்து நிற்கும்போது முதலாவதைப் பார், ஏழாவது திறந்திருந்தால் இரண்டாவது, எதை எடுத்தாலும் கூட்டினால் ஒன்பது. எம்ஜிபியிலும் அதே எட்டு வால்வு, அதே கணக்கு. மச்சானுக்கு அதைச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: போல்ட் தலையெல்லாம் வழுக்கி உருண்டையாகிவிடுகிறது. 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் சரியாகப் பொருந்துவதுபோலத்தான் தெரிகிறது. – வாசகர், ஹாரோ

தெரியும், பொருந்தாது. அந்த போல்ட் தலையின் அகலம் அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். இந்தக் கார் முழுக்க அங்குலக் கணக்கு. 7/16, 1/2, 9/16 மூன்றும் நல்லதாக, ஆறுமுக சாக்கெட்டாக வாங்குங்கள், பாதி வேலை அதிலேயே நடந்துவிடும். துருப்பிடித்ததற்கு முந்தின நாள் இரவே எண்ணெய் விட்டு வையுங்கள்.

கேள்வி: 1968 மாடல், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். ஐடிலில் நடுங்குகிறது. எத்தனை முறை திருகினாலும் சரியாகவில்லை. – வாசகர், டொராண்டோ

கார்புரேட்டரை விட்டு முதலில் தள்ளி நில்லுங்கள். டாப்பெட், டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் பாயின்ட்டின் இடைவெளி, ஸ்பார்க் வரும் டைமிங் மூன்றும் சரியாகாமல் கார்புரேட்டரைத் திருகினால் குழப்பம்தான் கூடும். அந்த மூன்றும் முடிந்ததா? சரி. இரண்டடி ரப்பர் குழாய் ஒன்றை எடுத்து ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வையுங்கள். உஸ்ஸென்று காற்று இழுக்கும் சத்தம் கேட்கும். இரண்டிலும் ஒரே அளவு கேட்கும்வரை திராட்டில் ஸ்க்ரூவைச் சரிசெய்யுங்கள். அப்புறம் கலவை. பக்கத்திலிருக்கும் சின்னப் பின்னை அழுத்தி, கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், இன்ஜின் அணையப் பார்த்தால் குறைவு, லேசாகக் கூடி உடனே அடங்கினால் சரியான அளவு. கார்புரேட்டரின் அடியில், பெட்ரோல் வரும் ஜெட்டின் நட்டை ஒரு முகம் மட்டும் திருப்பிவிட்டு மறுபடி பாருங்கள். கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும். இத்தனைக்குப் பிறகும் நடுங்கினால் திராட்டில் ஸ்பிண்டில் (திராட்டில் திரும்பும் சின்னத் தண்டு) தேய்ந்து அந்த வழியாகக் காற்று இழுக்கிறது, அதை எந்தத் திருகலும் சரிசெய்யாது.

கேள்வி: பம்பில் இ10 பெட்ரோல்தான் சாதாரணமாகக் கிடைக்கிறது. போடலாமா? – வாசகர், லீட்ஸ்

போடாதீர்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து அதுதான் வழக்கமான பெட்ரோல், ஆனால் அதில் பத்து சதவீதம் வரை கலந்துள்ள எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் சீல்களையும் அரிக்கும். எத்தனால் குறைந்த சூப்பர் இ5 போடுங்கள். அதைவிட முக்கியம், இன்றைக்கே பெட்ரோல் குழாய்களை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றும்வரை வண்டியைக் கிளப்பவே வேண்டாம்.

கேள்வி: பெயிண்டும் கராஜிலேயே நானே அடிக்கலாம் என்றிருக்கிறேன். சாதாரண மாஸ்க் போதுமா? – வாசகர், பர்மிங்காம்

போதாது. இப்போது வரும் டூ-பேக் பெயிண்டில் கலக்கும் ஹார்டனரில் (இறுக வைக்கும் திரவம்) ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை நுரையீரலுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் அது ஆயுள் முழுக்க ஆஸ்துமாவாக நிற்கும். வெளிக்காற்றுக் குழாயோடு கூடிய முகமூடியும் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் தனி அறையும் வேண்டும், வீட்டோடு ஒட்டிய கராஜில் அது முடியாது. தேய்ப்பது, பிரைமருக்குத் தயார் செய்வதுவரை நீங்கள் செய்யுங்கள். காசில் பெரும்பங்கு அதிலேயே மிச்சமாகும். ஸ்ப்ரே மட்டும் அதற்கான பட்டறையில் கொடுங்கள்.

கேள்வி: பதினான்கு வயது மகள் தானும் வேலை செய்கிறேன் என்று தினமும் வந்து நிற்கிறாள். என்ன வேலை கொடுக்கலாம்? – வாசகர், குரோய்டன்

முதலில் எதைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் அவளும் போகக் கூடாது, நீங்களும் போகக் கூடாது. ஸ்டாண்ட் வைத்து, பக்கவாட்டில் உலுக்கிப் பார்த்தபிறகுதான். பழைய பிரேக் ஷூவையும் கிளட்ச்சையும் அவளிடம் தராதீர்கள், அந்தக் காலத்தில் அவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. நீங்கள் தொடும்போதும் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

கார்புரேட்டரைக் கொடுங்கள். மேசையில் பழைய துண்டை விரித்து, ஒன்றைப் பிரித்து, கழுவித் துடைத்து அவளே மாட்டட்டும். பிஸ்டனும் அதன் மேல்மூடியும் ஒன்றுக்கொன்று ஜோடி, இரண்டு கார்புரேட்டரின் பாகங்களும் கலந்துவிடக் கூடாது, அதனால் முதலாவது முடிந்தபிறகே இரண்டாவது. மாட்டி முடித்ததும், மேலே எண்ணெய் ஊற்றுவதற்கு முன், பிஸ்டனை விரலால் மேலே தூக்கி விடச் சொல்லுங்கள். தடங்கலில்லாமல் இறங்கி அடியில் 'டக்' என்று உட்கார வேண்டும். சத்தம் வராமல் நடுவில் சிக்கினால் ஊசி ஜெட்டில் உரசுகிறது. ஜெட்டின் பெரிய நட்டை லேசாகத் தளர்த்தி, நடுவுக்குக் கொண்டுவந்து, மறுபடி இறுக்கி, அந்த 'டக்' கேட்கும்வரை செய்யட்டும்.