நெல் பணம் வரும் நேரத்தில் வந்த ‘வங்கி’ மின்னஞ்சல்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “சம்பா நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கிறேன். கேஒய்சி காலாவதியாகிவிட்டது, 24 மணி நேரத்தில் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்று என் வங்கியின் பெயரில் மின்னஞ்சல் வந்தது. லிங்க்கைத் தொட்டேன், படிவத்தைப் பார்த்ததும் சந்தேகம் வந்து எதையும் நிரப்பாமல் மூடிவிட்டேன். இது உண்மையான மின்னஞ்சலா? என் கணக்குக்கு ஆபத்து உண்டா?”

ஐயா, அது வங்கி அனுப்பியதல்ல என்றே கொள்ளுங்கள். கேஒய்சியை, அதாவது வங்கியில் நீங்கள் கொடுத்துள்ள அடையாள, முகவரி விவரங்களை, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் குறைந்த அபாயம் உள்ளதாக வங்கி வகைப்படுத்திய வாடிக்கையாளருக்கு அது பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். அப்போதும், ரிசர்வ் வங்கி 2025-இல் திருத்திய விதிப்படி, கெடு முடிவதற்குள் குறைந்தது மூன்று முறை தெரிவிக்க வேண்டும், அதில் ஒன்று கடிதமாக இருக்க வேண்டும். ஒரே மின்னஞ்சலில் ஒரு நாள் கெடு விதிப்பது மோசடிக்காரர்களின் வழக்கம். தை, மாசியில் டெல்டா முழுவதும் நெல் பணத்தை எதிர்பார்த்திருக்கும் வேளையில், கணக்கு முடங்கும் என்ற ஒரு சொல்லே நிதானத்தைக் குலைத்துவிடும்.

இத்தகைய மின்னஞ்சலை அதன் தோற்றத்தை வைத்து எடைபோட முடியாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முத்திரையும் நிறமும் அசலைப் போலவே இருக்கும். எழுத்துப்பிழையை வைத்துப் போலியைக் கண்டுபிடித்த காலமும் போய்விட்டது. பார்க்க வேண்டியது முகவரியை. கைபேசியில் அனுப்புநர் என்று வங்கியின் பெயர் மட்டும் தெரியும். அந்தப் பெயரை விரலால் தொட்டால் அதன் பின்னே உள்ள முழு முகவரி விரியும். பல சமயம் வங்கிக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு பெயர் அங்கே இருக்கும்.

லிங்க்கின் முகவரியில் இன்னும் நுட்பமான ஏமாற்று உண்டு. இந்திய வங்கிகளின் இணையதளங்கள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தது. அப்படி முடியும் முகவரி வங்கிகளுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. ஆகவே மோசடிக்காரர் அதே சொற்களை முகவரியின் நடுவில் செருகிவிட்டு, இறுதியில் தன் சொந்தப் பெயரை வைப்பார். தபால் உறையில் கடைசி வரியில் உள்ள ஊரையும் பின்கோடையும் பார்ப்பது போல, முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) முன்னால் முகவரி எதில் முடிகிறது என்று பாருங்கள். ஆங்கிலச் சிற்றெழுத்துகளான ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் போலத் தெரியும் என்பதால், அவசரமாகப் படிக்கும் கண் அங்கேயும் ஏமாறும்.

இவ்வளவு பார்க்கப் பொறுமையில்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. வங்கிக்கு மோசடிக்காரர்கள் காட்டும் வழியில் போகாமல், உங்கள் வழியில் போங்கள். லிங்க்கைத் தொடாமல், ஏற்கெனவே பயன்படுத்தும் வங்கிச் செயலியைத் திறந்து பாருங்கள், அல்லது டெபிட் கார்டின் பின்புறம் உள்ள எண்ணை அழையுங்கள். அந்த எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். அங்கும் போலி எண்கள் உலவுகின்றன.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எதையும் நிரப்பாமலும் எந்தக் கோப்பையும் பதிவிறக்காமலும் மூடியிருந்தால் பெரும்பாலும் கேடில்லை. எதற்கும் பதிவிறக்கப் பட்டியலை ஒருமுறை பாருங்கள், ஏபிகே என்று முடியும் கோப்பு (கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு) இருந்தால் நிறுவாமல் நீக்குங்கள். கடவுச்சொல்லையோ ஓடிபியையோ கொடுத்துவிட்டவர்கள் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வங்கியை அழைத்துக் கணக்கையும் கார்டையும் நிறுத்தச் சொல்லி, இணையவழிப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணிலும் புகார் செய்ய வேண்டும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதியில், வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரைச் சேரும், தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியைச் சேரும் என்று உள்ளது. வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் சொல்லலாம் என்று இருப்பவர்கள் இழப்பது அந்த இடைவெளியில்தான்.

அந்த மின்னஞ்சலை இப்போது அழிக்க வேண்டாம். பாஸ்புக்கோடு கிளைக்குப் போய் மேலாளரிடம் காட்டுங்கள். கேஒய்சி உண்மையிலேயே புதுப்பிக்க வேண்டியிருக்கிறதா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.