அம்மாவின் பிரசவம் மகளுக்கும் அப்படியே வருமா?

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கிறேன். முதல் கர்ப்பம், 11 வாரம். அம்மா ஒன்றரை நாள் வலியில் துடித்து, கடைசியில் சிசேரியனில்தான் நான் பிறந்தேனாம். அக்காவுக்கு 8ஆம் மாதமே ரத்தக் கொதிப்பு ஏறி, அவசரமாகக் குழந்தையை எடுத்தார்கள். எனக்கும் அப்படித்தான் ஆகுமா?

பதில்: உங்களுக்கு முக்கியம் அக்காவுக்கு நடந்தது. அம்மாவுக்கு நடந்ததை நினைத்து இப்போதே கலங்காதீர்கள்.

அம்மாவுக்கு ஏன் சிசேரியன் என்று கேட்டுப் பாருங்கள். குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்ததா, நஞ்சுக்கொடி கருப்பை வாயை அடைத்ததா, தலை சரியாகத் திரும்பவில்லையா? பெரும்பாலும் இவை அந்தக் கர்ப்பத்தோடு முடிந்துபோகிறவை. முதல் பிரசவத்தில், கருப்பை வாய் 4 செ.மீ. திறந்த பிறகும் 8 முதல் 18 மணி நேரம் வரை ஆவது வழக்கம்தான். "நம்ம குடும்பத்துல எல்லாருக்கும் இடுப்பு சின்னது" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். குழந்தை இறங்குமா என்பது வலி எடுத்த பிறகுதான் தெரியும்.

அக்காவுக்கு வந்தது பிரீஎக்லாம்சியாவாக, அதாவது கர்ப்பத்தால் ரத்தக் கொதிப்பு ஏறும் நோயாக, இருக்கலாம். தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ அது வந்திருந்தால் உங்களுக்கும் வாய்ப்பு கூடுகிறது. முதல் கர்ப்பம் என்பதும் அதோடு சேர்கிறது. கணவரைச் சுமந்தபோது மாமியாருக்கு வந்திருந்தாலும் ஓரளவு கணக்கில் வரும். அதைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. 14 வாரம் முடிவதற்குள் ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை, கருப்பை ரத்தக்குழாய் ஸ்கேன் மூன்றையும் வைத்து ஆபத்தைக் கணிக்க முடியும். தேவைப்பட்டால் மருத்துவர் குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவார். அதை 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் நல்ல பலன். ஆகவே அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் இந்த வாரமே சொல்லுங்கள். நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா, பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போனதா, காலில் ரத்தம் உறைந்ததா என்றும் விசாரியுங்கள். இவை நேரடியாகப் பரம்பரையில் வரக்கூடியவை. முன்பே தெரிந்தால் மயக்க மருந்தையே மாற்றித் திட்டமிடலாம். வீட்டில் சர்க்கரை நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள். நம் இந்தியப் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பே அதிகம். 24 முதல் 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையைத் தவற விடாதீர்கள்.

20 வாரத்துக்குப் பிறகு விடாத தலைவலி, கண்முன் மின்னல், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி, திடீரென முகவீக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும், நள்ளிரவானாலும், பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) திறக்கக் காத்திராமல் பிரசவம் பார்க்கும் மருத்துவமனைக்கே நேராகப் போங்கள்.