மாற்றம் மேல் மாற்றம் வந்து களைத்துப்போன கல்லூரி ஊழியர்களுக்கு, பொறுப்பில் இருப்பவர் என்ன செய்யலாம்?

புதிய போர்ட்டல், புதிய விதிமுறை என்று எதைச் சொன்னாலும் தன் குழுவினர் மறுபேச்சின்றித் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள், வேலை மட்டும் நகர்வதில்லை என்கிறார் கேள்வி கேட்டவர். கடலூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தின் கண்காணிப்பாளன் நான். அவர்களுக்கு ஊக்க உரை வேண்டாம். சுமையைக் குறையுங்கள்.

எங்கள் மாவட்டக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தொடங்கியதும் அதன்கீழ் வந்தன. 2021இல் வந்த சட்டத்துக்குப் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பக்கம் திரும்பின. இது நல்ல மாற்றம்தான். வேலூர் எங்கே, பக்கத்திலிருக்கும் சிதம்பரம் எங்கே! ஆனாலும் ஊழியர்கள் களைக்கிறார்கள். பழைய மாணவர்களின் அரியர் முடியும்வரை பழைய விதிமுறைக்கும் உயிர் இருக்கும். ஒரே மேசையில் இரண்டு வகைப் பாடக் குறியீடுகள், இரண்டு வகைப் படிவங்கள். புதியது வந்தபிறகும் பழையது போகாததுதான் ஆளைச் சாய்க்கிறது. புதுச்சேரியில் 2023-24இல் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்தபோது அங்குள்ள நண்பர்களும் இதையே சொன்னார்கள்.

அரியர் விதியை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் நாமே கட்டி அழும் பழையவை எத்தனை! வருகைப்பதிவைப் போர்ட்டலில் ஏற்றி, பதிவேட்டிலும் எழுதி, எக்செல் கோப்பாகவும் அனுப்புகிறோம். ஒவ்வொரு புதிய சுற்றறிக்கை வரும்போதும், இதற்குப் பதிலாக எதை நிறுத்துகிறோம் என்று குழுவோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். தணிக்கைக்குத் தேவையானவை இருக்கட்டும். மற்றவற்றை நிறுத்த முதல்வரிடம் எழுத்தில் உத்தரவு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னால் எந்த உதவியாளரும் நிறுத்தமாட்டார். நாளைக்குக் கேள்வி வந்தால் மாட்டிக்கொள்வது அவர்தானே? அந்தக் கையெழுத்தை வாங்கித் தருவது உங்கள் கடமை.

நேரத்தையும் பாருங்கள். நவம்பர், டிசம்பர் பருவத் தேர்வுக் காலம். இந்தக் கரையில் அது புயல் காலமும்கூட; 2011இல் ‘தானே’ புயல், 2024இல் ‘ஃபெஞ்சல்’ புயல் இரண்டும் அந்த மாதங்களில்தான் வந்தன. தேர்வுகள் தள்ளிப்போய் அட்டவணையே குலைந்து கிடக்கும்போது மென்பொருள் பயிற்சி வைக்காதீர்கள்.

எனக்கு அதிகம் வலிப்பது மூத்த ஊழியர்களின் நிலைதான். அரியர் விதிகளைத் தலைகீழ்ப் பாடமாகச் சொல்லக்கூடியவர், புதிய திரையின் முன் ஒன்றும் தெரியாதவர்போல் நிற்கிறார். வேலையெல்லாம் இளையவர் தலையில் விழ, இருவருமே நொந்துபோகிறார்கள். மூத்தவரிடம் முதலில் தனியாகப் பேசுங்கள். பிறகு இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, விதியை அவர் சொல்லவும் பதிவை இவர் ஏற்றவும் ஏற்பாடு செய்யுங்கள். சில வாரங்களில் இடம் மாற்றி உட்காரவையுங்கள்.