காலையில் சேர்ந்து இரவில் வீடு திரும்பினால் மருத்துவக் காப்பீடு கிடையாதா?

கேள்வி: திருவாரூர் மாவட்டம் வலங்கைமானை அடுத்த கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் கணவருக்கு வயது 53. கும்பகோணத்தில் ஒரு அரிசி ஆலையில் இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். 2021 இறுதியில் இடது காதில் ஓயாத இரைச்சல் என்று ஒரு காது மருத்துவரிடம் காட்டினோம். ஆலை இயந்திரச் சத்தத்தால் இருக்கலாம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். 2022 ஆகஸ்டில் முகவர் ஒருவர் மூலம் அவர் பெயரில் ஐந்து லட்ச ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு எடுத்தோம். 2025 பிப்ரவரியில் நடையில் தள்ளாட்டம் வர, எம்.ஆர்.ஐ. எடுத்ததில் செவி நரம்பில் கட்டி இருப்பதும் அது புற்றுநோய் அல்ல என்பதும் தெரிந்தன. மார்ச்சில் சென்னையில் காமா நைஃப் முறையில் ரேடியோ சர்ஜரி (கத்தியின்றிக் கட்டியின் மேல் கதிர்களைக் குவிக்கும் சிகிச்சை) செய்தார்கள். காலை ஆறு மணிக்குச் சேர்த்து இரவு ஏழு மணிக்கு அனுப்பிவிட்டார்கள். நகையை அடகு வைத்து மூன்றரை லட்சம் கட்டினோம். ஜூன் 18 தேதியிட்ட கடிதத்தில் நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. 24 மணி நேரம் தங்கவில்லை, இது நிரூபிக்கப்படாத சிகிச்சை, காது இரைச்சலை மறைத்துவிட்டீர்கள் என்று மூன்று காரணம் சொல்கிறார்கள். மருத்துவமனையில் பேசி, இரண்டு நாள் தங்கியதாக எழுதி வாங்கிவிடலாம் என்கிறார் என் மைத்துனர். செய்யலாமா?

பதில்: அம்மா, உங்கள் மைத்துனர் சொல்வதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பொய் ஆவணம் தயாரிப்பது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றம் என்பதோடு, அப்படி ஒரு தாளைக் கொடுத்த மறுகணமே இன்று உங்கள் பக்கம் இருக்கும் நியாயமும் சேர்ந்து அழிந்துவிடும். அதற்குத் தேவையும் இல்லை. உள்ளபடியே பதின்மூன்று மணி நேரம் இருந்தார் என்று நிற்பதுதான் உங்களுக்குப் பலம்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019 செப்டம்பர் 27 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், எந்த மருத்துவக் காப்பீட்டு நிறுவனமும் விலக்கி வைக்கக் கூடாத பன்னிரண்டு நவீன சிகிச்சைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறது. அவற்றுள் ஒன்று ஸ்டீரியோடாக்டிக் ரேடியோ சர்ஜரி. காமா நைஃப் அந்த வகையைச் சேர்ந்ததே. மருத்துவ ரீதியில் தேவைப்படும் இடத்தில் உள்நோயாளியாகவோ, அன்றே வீடு திரும்பும் டே கேர் சிகிச்சையாகவோ இதற்குக் காப்பளிக்க வேண்டும் என்பது அந்த நெறியின் வாசகம். உங்கள் பாலிசி 2022இல் எடுக்கப்பட்டது என்பதால் அதன் நிபந்தனைப் புத்தகத்திலும் இது அச்சாகியிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து வையுங்கள். ஆனால் அதே இடத்தில், இவ்வகைச் சிகிச்சைக்கு இவ்வளவுதான் தருவோம் என்று ஓர் உச்சவரம்பு போட்டிருக்கக்கூடும். அதற்கு அந்த நெறிகளில் இடம் இருந்தது. ஆகவே மூன்றரை லட்சமும் முழுதாகக் கிடைக்கும் என்று இப்போதே எண்ணிக்கொள்ள வேண்டாம்.

டே கேர் என்பதற்குப் பாலிசியில் உள்ள வரையறையை நிதானமாகப் படித்தால் இரண்டு நிபந்தனைகள் தெரியும். பொது மயக்கமோ, ஓரிடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் மயக்கமோ கொடுத்துச் செய்த சிகிச்சையாக இருக்க வேண்டும். தொழில்நுட்ப முன்னேற்றம் இல்லாதிருந்தால் 24 மணி நேரத்துக்கு மேல் தங்க நேர்ந்திருக்கும் சிகிச்சையாகவும் இருக்க வேண்டும். காமா நைஃப் சிகிச்சையில் தலை அசையாதிருக்க ஓர் உலோகச் சட்டகத்தை நான்கு திருகுகளால் மண்டையோட்டில் பொருத்துகிறார்கள். அந்த இடங்களை மரத்துப்போகச் செய்ய ஊசி போடுகிறார்கள். அந்த ஊசி உங்கள் வழக்கில் சட்ட முக்கியத்துவம் உள்ள ஊசி. மயக்க மருந்து கொடுத்த குறிப்பு டிஸ்சார்ஜ் சம்மரியிலோ சிகிச்சைக் குறிப்பிலோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், உள்ளபடி நடந்ததைக் குறிப்பிட்டுச் சான்று தரும்படி மருத்துவமனையைக் கேட்பது தவறல்ல. இதே கட்டியைப் பழைய முறையில் எடுப்பதென்றால் மண்டையோட்டைத் திறந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து, பல நாள் மருத்துவமனையில் கிடக்க வேண்டியிருக்கும் என்பதை அந்த மருத்துவர் இரண்டு வரி எழுதித் தந்தால் இரண்டாம் நிபந்தனையும் நிறைவேறிவிடும்.

நிரூபிக்கப்படாத சிகிச்சை என்ற காரணம் நிற்காது. ஸ்வீடனைச் சேர்ந்த நரம்பியல் அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951இல் முன்வைத்த முறை இது. 1969இலேயே செவி நரம்புக் கட்டிக்குப் பயன்படுத்தப்பட்டது. இதில் கட்டி வெட்டி எடுக்கப்படுவதில்லை, அதன் வளர்ச்சிதான் நிறுத்தப்படுகிறது. அதனால் சிகிச்சைக்குப் பின் எடுத்த படத்திலும் கட்டி தெரிகிறதே என்று நிறுவனம் கேட்டால் குழம்ப வேண்டாம்.

இனி மூன்றாவது காரணம். உண்மையான சண்டை இங்கேதான் நடக்கும் என்பதால் ஒளிக்காமல் எழுதுகிறேன். செவி நரம்புக் கட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் அளவில் மெதுவாக வளர்வது. நிறுவனத்தின் மருத்துவர் இதைச் சொல்லி, பாலிசி எடுத்த நாளிலேயே கட்டி இருந்திருக்கும் என்பார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உடம்பில் நோய் இருந்தது என்பது மட்டும் போதாது. ‘முன்பே இருந்த நோய்’ என்பதற்கான பழைய வரையறையில் அறிகுறி என்ற சொல் இருந்தது; இப்போதைய வரையறையில் அது இல்லை. பாலிசிக்கு முந்தைய குறிப்பிட்ட காலத்துக்குள் மருத்துவர் நோயைக் கண்டறிந்திருக்க வேண்டும், அல்லது அதற்காக ஆலோசனையோ சிகிச்சையோ கொடுத்திருக்க வேண்டும். 2021இல் உங்கள் கணவரின் கட்டியை யாரும் கண்டறியவில்லை. காது இரைச்சலுக்கு மாத்திரை வாங்கியதைக் கட்டிக்கான சிகிச்சை என்று சொல்ல முடியாது என்பது நம் வாதம். ஆலைச் சத்தம் என்று மருத்துவரே எழுதிய அந்தச் சீட்டு நமக்கு எதிரானது என்று நினைத்து மறைக்காதீர்கள். கட்டியைப் பற்றி யாருக்கும் தெரியாது என்பதற்கு அதுவே சாட்சி.

இருந்தாலும், காது இரைச்சலைச் சொல்லாமல் விட்டதே தவறு என்று அவர்கள் வேறு வழியில் வருவார்கள். அதற்கு விடை, பாலிசி எடுக்கும்போது கொடுத்த புரபோசல் (விண்ணப்ப) படிவத்தில் இருக்கிறது. அதன் நகலை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். காது, மூக்கு, தொண்டை நோய்க்கு எப்போதாவது மருத்துவரைப் பார்த்தீர்களா என்று நேரடியாகக் கேட்டு, ‘இல்லை’ என்று குறித்திருந்தால் வழக்கு கடினமாகிவிடும். நீரிழிவையும் சிறுநீரக நோயையும் மறைத்து எடுத்த மெடிக்ளெய்ம் பாலிசியில் உச்ச நீதிமன்றம் 2009இல் சத்வந்த் கௌர் சாந்து வழக்கில் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. கேள்வி பொதுவாக இருந்தாலோ, கேட்கப்படவே இல்லை என்றாலோ நிலைமை வேறு. மறைத்தார் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தினுடையது என்று 2024 ஏப்ரலில் மகாகாளி சுஜாதா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது ஆயுள் காப்பீட்டு வழக்கு என்றாலும் நமக்கு உதவும். ஆங்கிலப் படிவத்தை முகவரே நிரப்பிக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போவது நம் பக்கத்து ஊர்களில் வழக்கமாகிவிட்டதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது. உங்களுக்கும் அப்படித்தான் நடந்ததென்றால் அதை உள்ளபடி எழுதுங்கள். ஆனால் கையெழுத்து உங்கள் கணவருடையது என்பதால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

செய்ய வேண்டியது இது. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு, மேற்சொன்ன மூன்றுக்கும் பதிலோடு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். 2024ஆம் ஆண்டு விதிகளின்படி, நிறுவனத்தின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் இல்லாமல் எந்தக் கிளெய்மையும் நிராகரிக்கக் கூடாது; அந்த ஒப்புதல் பெறப்பட்டதா என்றும் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, மீண்டும் மறுத்தாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன்) ஓராண்டுக்குள் உங்கள் கணவர் பெயரில் மனு செய்யலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞருக்கு இடமும் இல்லை. குறைதீர்ப்பாளர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். மன உளைச்சலுக்கும் இழப்பீடு வேண்டுமென்றால் திருவாரூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர அனுமதிக்கிறது. காலக்கெடு இரண்டு ஆண்டு. நீங்கள் கட்டிய பிரீமியம் ஐந்து லட்சத்துக்குள் அடங்கும் என்பதால் அங்கும் கட்டணம் இருக்காது. ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் வழக்கு நடத்த முடியாது. உங்கள் நிலையில் நான் குறைதீர்ப்பாளரிடம்தான் முதலில் போவேன். அங்கே சரிவராவிட்டால் ஆணையத்தின் கதவு திறந்தே இருக்கும்.

இத்தனைக்கும் நடுவில் ஆகஸ்டில் வரும் பிரீமியத்தைக் கோபத்தில் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். இந்தக் கட்டிக்குப் பல ஆண்டுகள் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிக்க வேண்டும். புதிதாக வேறு பாலிசி எடுத்தால் அங்கே இது மறுக்க முடியாதபடி முன்பே இருந்த நோயாகிவிடும். இப்போதைய பாலிசி இடைவெளி இல்லாமல் 60 மாதம் நிறைந்துவிட்டால், அதாவது 2027 ஆகஸ்டுக்குப் பிறகு, மோசடியை நிரூபித்தாலன்றி, சொல்லாமல் விட்டார் என்ற காரணத்தைக் காட்டி அவர்கள் கிளெய்மை மறுக்க முடியாது. அதற்குள் பாலிசியை ரத்து செய்வதாக அறிவிப்பு எதுவும் வந்தால், பதில் எழுதும் முன் உங்கள் பகுதி வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள்.