ஏஆர் கண்ணாடி வாங்க முற்பணம் கொடுக்கலாமா?

சம்மாந்துறையில் அரிசி ஆலை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கெட்ட அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சோட்டர் பழுதானால் கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை ஆலை நிற்கிறது. கண்முன் இருப்பதன் மேலேயே படம் காட்டும், தலையில் மாட்டும் ஏஆர் கண்ணாடி ஒன்றைப் பாவித்த விலைக்குத் தருவதாக ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார், பெயர் ஹோலோலென்ஸ் 2. முற்பணம் கட்டலாமா?"

கட்ட வேண்டாம்.

அந்தக் கண்ணாடிக்குப் பழுது பார்க்கத் தெரியாது. நீங்கள் பார்ப்பதை அதன் கமெரா தூரத்தில் இருக்கும் பொறியியலாளருக்குக் காட்டும். அவர் அங்கிருந்து அம்புக்குறி போட்டால், அது உங்கள் கண்ணுக்கு மெஷினின் மேலேயே தெரியும். இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். அவ்வளவுதான். மறுபக்கத்தில் ஆள் இல்லையென்றால் அதை அலுமாரியில் வைக்கலாம். அந்த ஆள் யார், எத்தனை மணிக்கு இருப்பார், தமிழில் பேசுவாரா என்று ஏஜென்டிடம் கேளுங்கள். "சொப்ட்வெயார் பார்த்துக்கொள்ளும்" என்பார். பார்த்துக்கொள்ளாது. அந்தச் சொப்ட்வெயாருக்குத் தனியாகச் சந்தாவும் கட்ட வேண்டும், அதை அவர் கடைசியில்தான் சொல்வார்.

இன்னொன்று. ஹோலோலென்ஸ் 2 வந்தது 2019இல், 3,500 டொலருக்கு. 2024இல் மைக்ரோசொப்ட் அதன் உற்பத்தியை முடித்துக்கொண்டது, பாதுகாப்பு அப்டேட்டும் 2027 முடிவோடு சரி. கூகுள் தன் தொழில்துறைக் கண்ணாடியின் விற்பனையை 2023 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டது. வெளிநாட்டுக் கம்பனிகள் கழித்துவிடும் சாமான்தான் இங்கே "புதுத் தொழில்நுட்பம்" என்று வந்து இறங்குகிறது. வைஃபை உள்ள இதுபோன்ற வானலைக் கருவி விற்பவருக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும். கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்.

வாங்கலாம் என்று நான் சொல்வது ஒரே ஒரு நிலையில். உங்கள் சோட்டரைச் செய்த கம்பனியே தூரத்திலிருந்து சேவை தருவதாகவும், இந்த மாடல் கண்ணாடியில் தருவதாகவும், இத்தனை மணி நேரத்துக்குள் ஆள் தொடர்புக்கு வருவார் என்றும் சேவை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் வாங்கலாம். கம்பனி என்றால் மெஷினைச் செய்த கம்பனி. விற்ற கடையில்லை, கடைக்காரரின் மச்சானும் இல்லை. வாய்ப்பேச்சும் வட்ஸ்அப் செய்தியும் ஒப்பந்தமாகாது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

அதுவரை போனே போதும். சோட்டருக்குப் பக்கத்தில் நின்று கொழும்பு டெக்னீஷியனுக்கு வீடியோ கோல் எடுங்கள். தகரக் கூரைக்குக் கீழே படம் உறைந்து உறைந்து வந்தால் கண்ணாடியிலும் அதே கதைதான். ஹோலோலென்ஸில் சிம் போட இடமில்லை, பெரும்பாலும் வைஃபையை நம்பித்தான் ஓடும். கோல் எடுக்கும் முன் சோட்டரின் கமெராக் கண்ணாடியில் தவிட்டுத் தூசு படிந்திருக்கிறதா, கம்பிரசர் காற்றோடு தண்ணீர் வருகிறதா, காற்றடிக்கும் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். சோட்டர் கெட்டதை ஒழுங்காகப் பிரிக்காததற்குப் பெரும்பாலும் காரணம் இவைதான். கை வைக்கும் முன் மெயின் சுவிட்சை நிறுத்திப் பூட்டுப் போடுங்கள், கண்ணாடி மாட்டியிருந்தாலும் இதில் மாற்றமில்லை.

இல்லை, எடுத்தே தீருவேன் என்றால், காசு கைமாறும் முன் உங்கள் கண்முன்னே அதை முழுதாக ரீசெட் செய்து உங்கள் கணக்கில் திறந்து காட்டச் சொல்லுங்கள். பழைய கம்பனியின் கணக்கோடு பூட்டப்பட்டது என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.