16 வாரக் கற்பித்தல் பயிற்சியை ஒப்புக்கு முடித்துவிட்டு வெளிநாட்டுப் படிப்புக்கு முயலலாமா?

கேள்வி: பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 16 வாரக் கற்பித்தல் பயிற்சி வெறும் சம்பிரதாயம் என்கிறார்கள். பள்ளியில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, அந்த நேரத்தில் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்குப் படித்து வெளிநாடு போகும் வழியைப் பார்க்கலாமா? கல்லூரியில் மாணவர் மன்றப் பொறுப்பில் இருந்தது அதற்கு உதவுமா?

பதில்:

நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது குறைவு. இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நீங்கள் கேட்ட மூன்றும் என் வாழ்க்கையில் நடந்தவை. கல்லூரியில் மாணவர் மன்றத் துணைத் தலைவியாக இருந்தேன், 2018இல் கற்பித்தல் பயிற்சிக்குப் போனேன், 2023இல் இங்கிலாந்து போய் ஒரு வருடம் முதுகலை படித்துவிட்டு வந்தேன். ஊர் பாம்பன்.

உங்கள் நிலைமை எனக்குக் கொஞ்சம் புரிகிறது. கல்லூரியில் பள்ளிப் பட்டியல் ஒட்டியிருப்பார்கள். "முதல் வாரம் தலையைக் காட்டு, அப்புறம் தலைமை ஆசிரியர் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்" என்று சீனியர் யாராவது சொல்லியிருப்பார்கள். ரெக்கார்டு நோட்டுகளும் அவர்களிடமிருந்தே கிடைத்துவிடும். வீட்டில் தங்கைக்கோ தம்பிக்கோ படிப்புச் செலவு இருக்கும். என் ஊகம் தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்குப் போங்கள். ஒரு நாளும் விடாமல் போங்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்ல என் கதையைச் சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளும்.

எனக்குக் கிடைத்தது மண்டபம் ஒன்றியத்தில் கடலை ஒட்டிய ஒரு பள்ளி. 1, 6, 9, 11 வகுப்புகளுக்கு அந்த வருடம்தான் புதிய பாடப்புத்தகம் வந்திருந்தது. எனக்கு ஆறாம் வகுப்புக் கணக்கு. முதல் இரண்டு வாரமும் விடுப்பில் போன ஆசிரியர்களின் வகுப்பைப் பார்த்துக்கொள்வது, மதிப்பெண் பட்டியல் எழுதுவது, சார்ட் ஒட்டுவது என்றே போனது. நீங்கள் இன்று நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன். நேரம் வீண், பேசாமல் வீட்டில் இருந்து டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்காவது படிக்கலாம் என்று.

மூன்றாவது வாரம் விகிதம் பாடம் வந்தது. 12 மிட்டாயை இரண்டு பேருக்கு 1:2 என்ற விகிதத்தில் பங்கு வைக்கச் சொல்லிக் கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்தான். "பங்குன்னா அப்படி இல்ல டீச்சர். மொதல்ல செலவக் கழிக்கணும்" என்றான். செலவு எங்கேடா வந்தது என்றேன். அவன் அப்பா போகிற வள்ளத்துக் கணக்கைச் சொன்னான். மீன் 9,000 ரூபாய்க்குப் போனால் டீசல், ஐஸ் என்று 3,000 கழித்து, மிச்சத்தில் பாதி வள்ளத்துக்கு, பாதி ஆட்களுக்கு. மூன்று பேர் போயிருந்தால் ஆளுக்கு 1,000. அப்படியே பலகையில் எழுதினேன். வள்ளத்துக்கும் ஓர் ஆளுக்கும் உள்ள விகிதம் என்ன என்று கேட்டேன். ஏழெட்டுக் குரல் ஒரே நேரத்தில் 3:1 என்றது. அதுவரை வாயே திறக்காத வகுப்பு. இரண்டு பேர்தான் போனார்கள் என்றால்? 2:1 என்றார்கள். செலவே வரவை மிஞ்சினால்? "அது கடன் டீச்சர், அடுத்த தடவ கழிப்பாங்க." மணி அடித்தும் யாரும் எழவில்லை.

கடலைச் சொல்லிக் கணக்கு நடத்தினால் தேர்வில் மதிப்பெண் வருமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். புத்தகத்தில் இருந்த பயிற்சிக் கணக்குகள் எல்லாவற்றையும் அடுத்த நான்கு பாடவேளையில் செய்து முடித்தோம், ஒன்றும் விட்டுப்போகவில்லை.

அதைவிட முக்கியமான விஷயம் வருகைப் பதிவேட்டில் இருந்தது. மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண்பிள்ளை. வந்தால் நன்றாகப் படிப்பாள், ஆனால் தொடர்ந்து வர மாட்டாள். "அவ அப்படித்தான், வீட்ல கவனிக்க ஆள் இல்ல" என்று வகுப்பாசிரியர் சொல்லிவிட்டார். ஒருநாள் மதியம் பதிவேட்டைக் கூட்டிக்கொண்டிருந்தபோது அவள் வரிசை கண்ணில் பட்டது. ஐந்தாறு நாள் வரிசையாக விடுப்பு, பத்து நாள் வருகை, மறுபடி ஐந்தாறு நாள் விடுப்பு. அலுவலக அறைச் சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. எடுத்து வைத்துப் பார்த்தேன். விடுப்பு விழுந்தது எல்லாம் அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும்தான்.

பாம்பன் பக்கத்து ஆட்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பகுதிப் பெண்கள் கடலுக்குள் முங்கிப் பாசி எடுப்பார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று வகை வகையாக இருக்கும். அகர் என்னும் கூழ்ப்பொருள் எடுக்கவும் மற்ற ஆலைகளுக்கும் அது போகிறது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணீர் நன்றாக வற்றும், அதனால் அந்த நாட்களில்தான் வேலை. அந்தப் பிள்ளையின் அம்மாவும் பாசிக்குப் போகிறவர். விடிவதற்கு முன்னே கிளம்பிவிடுவார். ஒன்றரை வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள இவள் வீட்டில் இருப்பாள்.

நான் பாம்பனில் பிறந்து வளர்ந்தவள். என் பெரியம்மா பாசிக்குப் போனவர். அப்படியிருந்தும் ஒரு மாதம் அந்தப் பிள்ளையை 'ஒழுங்காக வராதவள்' என்றுதான் பார்த்திருக்கிறேன். இதை எழுதும்போது இப்போதும் மனசு உறுத்துகிறது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். பாறையில் கிழியாமல் இருக்க விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டுதான் முங்குவார்கள். அந்தத் துணிகளை அலசிக் கொடியில் காயப் போட்டிருந்தார், சின்னச் சின்னப் பட்டைகளாக இருபது இருக்கும். துணி சுற்றியும் விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. "டீச்சர், மாசத்துல பன்னெண்டு நாளுதான் வேல. அதையும் விட்டா எதவச்சு ஒல வைக்கிறது?" என்றார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வரத்தான் போயிருந்தேன். வாய் வரவில்லை.

தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். நல்ல மனிதர். அந்தப் பன்னிரண்டு நாளும் தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டு அவள் தாமதமாக வரலாம், பத்து மணிக்கு வந்தாலும் வெளியே நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அங்கன்வாடி அக்காவிடம் நானே போய்ப் பேசினேன். அடுத்த அமாவாசைக்கு ஒரு நாள் மட்டும்தான் விடுப்பு. இதைப் பெரிய சாதனை என்று சொல்ல வரவில்லை. எட்டு வாரமாகப் பள்ளியில் உட்கார்ந்திருந்ததால்தான் அது என் கண்ணில் பட்டது. கையெழுத்து வாங்கப் போயிருந்தால் பட்டிருக்காது.

தனியாள் ஆய்வு என்று ஒரு ரெக்கார்டு எழுதுவோம் இல்லையா, அதில் இந்தப் பிள்ளையைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். மேற்பார்வைக்கு வந்த எங்கள் கல்லூரிப் பேராசிரியர் நான்கு பக்கத்தையும் சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டார். "கடல், அமாவாசை எல்லாம் எதற்கு? குடும்பப் பின்னணி, பிரச்சினை, தீர்வு என்று படிவப்படி எழுது" என்றார். அன்று ராத்திரி சீனியர் அக்காவின் நோட்டைப் பார்த்து, நான் கண்ணால் பார்க்காத ஒரு பையனைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்களைப் போல இருபது பேரை நாலைந்து பள்ளிகளில் பார்க்க வேண்டியிருந்தது அவருக்கு. ஆனால் பயிற்சி சம்பிரதாயமாகிவிட்டது என்று யாராவது சொன்னால், அதைச் சம்பிரதாயமாக்கியது எது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மாவட்டத்துப் பள்ளிகளுக்கு வருகிற ஆசிரியர்களில் பலர் வந்த அன்றே அடுத்த மாறுதல் கலந்தாய்வு எப்போது என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று அதிகாரிகள் மிரட்டுவதைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். அந்தக் காட்டில்தான் நாங்கள் பிறந்தோம். மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பித்தான் என் அம்மா எங்களை வளர்த்தார். 2018இல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்கள் என்று எடுத்த பட்டியலில் தமிழ்நாட்டில் இரண்டே மாவட்டம், விருதுநகரும் ராமநாதபுரமும். அதே ராமநாதபுரம் 2024 பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் மாநிலத்தில் மூன்றாம் இடம் வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு ஆசிரியராக வருவதைத் தண்டனை என்று சொல்லாதீர்கள். அது எங்களைத்தான் குத்துகிறது.

சரி, மாணவர் மன்றத்துக்கு வருகிறேன். பதவி எனக்கு எதையும் வாங்கித் தரவில்லை, அந்தப் பதவியில் செய்த ஒரு வேலை வாங்கித் தந்தது. கல்லூரி முடியும் நேரத்துக்கும் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் போகும் பேருந்துக்கும் பத்து நிமிடம் இடித்தது. அடுத்த பேருந்தில் நிற்க இடம் இருக்காது. வீடு சேர இருட்டிவிடும். இதைச் சொல்லியே இரண்டு பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். 140 பேரிடம் கையெழுத்து வாங்கி, திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்று மனு கொடுத்தேன். முதல் மனுவுக்குப் பதில் இல்லை. மூன்றாவது மனுவுக்குப் பேருந்து நேரம் கால்மணி நேரம் தள்ளிப் போனது. மனு எழுதும் பழக்கமும், அலுவலகத்தில் பயப்படாமல் பேசும் பழக்கமும் அங்கேதான் வந்தன. நீங்கள் பொறுப்பில் இருந்தபோது ஏதாவது ஒன்றை மாற்றியிருந்தால் விண்ணப்பத்தில் அதை எழுதுங்கள். ஆண்டு விழாவில் மேடையில் உட்கார்ந்திருந்ததை எழுதினால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

வெளிநாட்டைப் பற்றி ஆலோசனை மையங்கள் தெளிவாகச் சொல்லாத இரண்டு விஷயங்கள்.

ஒன்று, பணம். பிரிட்டன் மாணவர் விசாவுக்கு வாழ்க்கைச் செலவுப் பணம் உங்கள் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் கணக்கில் வராது. 2023இல் நான் போனபோது லண்டனுக்கு வெளியே என்றால் மாதம் 1,023 பவுண்டு, ஒன்பது மாதத்துக்கு 9,207 பவுண்டு. ஏறக்குறைய ஒன்பதரை லட்சம் ரூபாய். கல்விக் கட்டணம் தனி. நகையை வைத்தது போக மீதியைச் சித்தப்பா கொடுத்தார். மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி வேலை பார்க்க வைத்திருந்த பணம் அது. ஜூன் 14 தடை முடிவதற்குள் படகு தயாராக வேண்டும். என் 28 நாள் முடியும்வரை மரவேலைக்காரரையும் பெயின்டரையும் நாளை, நாளை மறுநாள் என்று சொல்லி நிறுத்தி வைத்திருந்தார். எனக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சித்திதான் பிறகு சொன்னார்.

இரண்டு, நான் படித்தது கல்வியியல் முதுகலை. அதைப் படித்தால் அங்கே ஆசிரியர் ஆகிவிடலாம் என்று நம்பிப் போகிறார்கள், ஆக முடியாது. இங்கிலாந்தில் அரசுப் பள்ளி ஆசிரியர் தகுதிக்கு வேறு பயிற்சி இருக்கிறது. அதில் குறைந்தது 120 நாள், இரண்டு பள்ளிகளிலாவது நின்று பாடம் நடத்த வேண்டும். ஒவ்வொருவருக்கும் பள்ளியில் ஒரு வழிகாட்டி ஆசிரியர் உண்டு. என் விடுதியில் அந்தப் பயிற்சி எடுத்த ஒரு பெண் தினமும் ராத்திரி பத்து மணிவரை மறுநாள் பாடத்தைத் தயாரிப்பாள். நீங்கள் இங்கே விட்டுவிடப் பார்க்கிற அதே வேலைக்காகத்தான் அங்கே அத்தனை பேர் பணம் கட்டிப் படிக்கிறார்கள்.

போகாதீர்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் போனேன், நிறையக் கற்றேன், கடன் இன்னும் கட்டுகிறேன், வருத்தம் இல்லை. ஆனால் என் விண்ணப்பக் கடிதத்தில் நான் எழுதியது அந்த வருகைப் பதிவேட்டையும் காலண்டரையும்தான். வேறு எதையும் எழுதியிருந்தால் என்னிடம் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

ஐஇஎல்டிஎஸ்ஸை ராத்திரி படியுங்கள், இரண்டு மாதம் போதும். பகலில் பள்ளிக்குப் போங்கள். மண்டபம், பாம்பன் பக்கம் பள்ளி கிடைத்தால் எனக்கு எழுதுங்கள். சிவப்புக் கோடு போட்ட அந்த நான்கு பக்கத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், வாசிக்கத் தருகிறேன். படிவப்படி எழுதிய மற்றொன்றை மட்டும் கேட்காதீர்கள்.